பஞ்சு கனலும்போதே குரல் கொடுக்கும் கருவி எது?

கேள்வி: தரைத்தளத்தில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறேன். மாடியில் குடும்பத்தோடு குடியிருக்கிறேன். வெட்டுத்துணிக் கழிவு மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் போட்டு வைப்போம். தீ எச்சரிக்கைக் கருவி வாங்கப் போனபோது, ‘கிராஃபீன் சென்சார்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். 2 நொடியில் எச்சரித்துவிடுமாம், புகை பார்க்கும் கருவிகளெல்லாம் பழைய காலத்தவையாம். விலை ஐந்து மடங்கு. வாங்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மூட்டைகளை இன்றைக்கே படிக்கு அடியிலிருந்து அகற்றிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் இறங்கி ஓட வேண்டிய வழி அது.

விற்பனையாளர் சொன்ன 2 நொடி கட்டுக்கதை அல்ல. ஷாங்காய் பீங்கான் ஆய்வு நிறுவனத்தினர் 2018-இல் தீயை அறிவிக்கும் சுவர்த்தாள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ராக்சி அபடைட் என்ற கனிமத்தை நுண்ணிழைகளாக்கி, எரியாத தாளாக்கினார்கள். அதன்மேல் கிராஃபீன் ஆக்சைடு உணரியைப் பொருத்தினார்கள் (கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் ஏடு, அதில் ஆக்சிஜன் சேர்ந்தது கிராஃபீன் ஆக்சைடு). கிராஃபீன் ஆக்சைடு சாதாரண வெப்பத்தில் மின்சாரத்தைக் கடத்தாது, அதில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகள் மின்னணுக்களின் பாதையை மறித்து நிற்கின்றன. சூடேறியதும் அவை கழன்றுபோகும், மின்சாரம் பாயும், மணி அடிக்கும். பாலிடோபமைன் என்ற பாலிமரைச் சேர்த்து மேம்படுத்திய உணரி ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸிலேயே விழித்துக்கொண்டது. தீயில் குறைந்தது 5 நிமிடம் தாக்குப்பிடித்தது. அருமையான ஆராய்ச்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 2 நொடி எப்போதிலிருந்து எண்ணப்படுகிறது? தீ அந்தப் பொருளைத் தொட்ட பிறகுதான். சுவரிலும் கேபிள் உறையிலும் பூசுவதற்கு அது பொருத்தமான குணம். உங்கள் யூனிட்டில் தீ வேறு மாதிரி வரும். பருத்திக் கழிவில் ஒரு பொறி விழுந்தால் உடனே சுடர் எழாது. மூட்டையின் உள்ளே கங்குபோலக் கனன்றுகொண்டிருக்கும், மணிக்கணக்கில்கூட. அந்நேரமெல்லாம் கூரை சூடாகாது. புகை மட்டும் படியேறி, நீங்கள் தூங்கும் அறைக்கு வந்துவிடும். வெப்பத்துக்காகக் காத்திருக்கும் எந்தப் பொருளும், அது எவ்வளவு புதியதானாலும், உங்களுக்குத் தாமதம்தான்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ‘ஃபோட்டோ எலெக்ட்ரிக்’ வகைப் புகைக் கருவி. அதன் இருட்டறைக்குள் ஓர் ஒளிக்கற்றை ஓடிக்கொண்டிருக்கும், ஒளியை உணரும் கண் ஒன்று ஓரமாக ஒதுங்கி இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி அந்தக் கண்ணில் படும். கதவிடுக்கில் விழும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. கனலும் தீயின் புகைத்துகள்கள் பெரியவை, ஒளியை நன்றாகச் சிதறடிப்பவை.

தூசி என்றதும் உங்களுக்கு அடுத்த கவலை வந்திருக்கும். ஆம், பஞ்சுத் தூசியும் இதை ஏமாற்றும். பகலில் சும்மா கத்துகிறது என்று பாலிதீன் பையால் மூடி, இரவில் கழற்ற மறந்துபோன கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்துவிடாதீர்கள். பஞ்சு அதிகம் பறக்கும் இடத்துக்கு மட்டும் வெப்பக் கருவி போடுங்கள் (பெரும்பாலும் 57 டிகிரி அளவில் ஒலிக்கும்). கழிவு வைக்கும் அறை, படியின் உச்சி, படுக்கையறை ஆகிய இடங்களுக்குப் புகைக் கருவிதான். வாரம் ஒருமுறை வேக்குவம் கிளீனரால் வெளிப்புறத் துவாரங்களைச் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்று ஒலித்தால் மற்றவையும் ஒலிக்கும்படி இணைக்கக்கூடிய கருவிகளாக வாங்குவது. கீழே அலறுவது, மாடியில் ஃபேன் சத்தத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்குக் கேட்காது. பெட்டியில் ஐரோப்பாவின் ஈஎன் 14604 அல்லது அமெரிக்காவின் யூஎல் 217 என்ற தரக்குறியீடும் தயாரிப்புத் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 10 ஆண்டுக்கு மேல் எந்தப் புகைக் கருவியையும் நம்பி வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: சமையலறைக் கூரையில் கேஸ் கசிவுக் கருவி பொருத்தியிருக்கிறோம். தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது. கருவியை மாற்றிக் கேட்கலாமா?
– மதுரை வாசகி

பதில்: உங்கள் வீட்டில் சிலிண்டர் என்றால், தவறு கருவியைவிட அதைக் கூரையில் மாட்டியவர் மீதுதான் அதிகம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். கூரைக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. தாளிக்கும் ஆவி மட்டும் தவறாமல் மேலே போய்ச் சேரும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள், சிலிண்டருக்கு அருகில், தண்ணீர் தெறிக்காத சுவரில் மாற்றச் சொல்லுங்கள். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவாக இருந்தால் நிலைமை தலைகீழ்: அது காற்றைவிட லேசானது, அதற்குக் கூரையருகே என்பது சரி.

இவ்வகைக் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது டின் ஆக்சைடு. ஜப்பானின் நவோயோஷி டகுச்சி 1962-இல் காப்புரிமை கோரிய முறை இது. சூடாக வைத்திருக்கும் டின் ஆக்சைடு மணிகளின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தடுக்கும். கேஸ் பட்டால் அந்த ஆக்சிஜன் குறையும், மின்தடை சட்டென்று இறங்கும். ஆனால் இதற்கு ஆள் அடையாளம் தெரியாது. ஸ்பிரிட், சென்ட் ஆகியவற்றின் ஆவிக்கும் குரல் கொடுக்கும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரேக்களை அருகில் அடிக்காதீர்கள், உணரியே கெட்டுப்போகும்.

உண்மையாகவே கசிந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த புகைக் கருவியில் கதிரியக்கக் குறி இருக்கிறது. வீட்டில் வைத்திருக்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: அது அயனியாக்க வகை, அதாவது கதிரியக்கத்தால் காற்றை மின்னேற்றி, புகை நுழைந்தால் அந்த மின்னோட்டம் குறைவதை வைத்து அறியும் கருவி. உள்ளே மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கும். அதன் ஆல்ஃபா கதிர் சில சென்டிமீட்டர் காற்றைக்கூடத் தாண்டாது. கூரையில் மாட்டியிருக்கும்வரை பயம் வேண்டாம். சுடர்விட்டு எரியும் தீயை இது சீக்கிரம் அறியும், கனலும் தீயில் பின்தங்கும். பிரித்துப் பார்க்காதீர்கள், எரிக்காதீர்கள், பழைய இரும்புக் கடையிலும் போடாதீர்கள். அந்தத் தனிமம் பாதியாகக் குறையவே 432 ஆண்டு ஆகும். இந்தியாவில் இவ்வகைக் கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. ஆகவே மகன் அடுத்த முறை ஊர் திரும்பும்போது, இதைத் தயாரிப்பாளரிடமே ஒப்படைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.