கலைஞரிடமும் விஞ்ஞானியிடமும் பேசும்போது என்ன கேட்கலாம்?

டர்பன் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஓவியரையும் ஒரு விஞ்ஞானியையும் பேட்டி எடுக்கப் போகிறார்கள், என்ன கேட்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

“உங்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது?” என்று தொடங்க வேண்டாம். பலமுறை சொல்லிப் பழகிய பதில்தான் வரும். கை செய்யும் வேலையைக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரித்துண்டால் வரைந்து, கேமராவில் எடுத்து, கொஞ்சம் அழித்து, மாற்றி வரைந்து மறுபடி எடுப்பார். அப்படித்தான் அவர் படம் நகரும். அழித்த கோட்டின் சாம்பல் தடம் தாளிலேயே தங்கிவிடும். அதனால் “எதை அழித்தீர்கள், ஏன்?” என்பதே எனக்குப் பிடித்த கேள்வி.

விஞ்ஞானிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட பகுதியில் உள்ள மீர்காட் ரேடியோ தொலைநோக்கிக்கு 64 ஆன்டெனாக்கள். வரும் சிக்னலில் செயற்கைக்கோள் இரைச்சலைத் தள்ளிவிட்டுத்தான் வானத்தைப் படிக்க முடியும்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு தெருக்கூத்துத் தாத்தாவிடம் கலையைப் பற்றிக் கேட்டேன்; சிரித்துக்கொண்டே இருந்தார். “கிரீடத்தை எப்படிக் கட்டுவீங்க தாத்தா?” என்றதும் எழுந்து பெட்டியைத் திறந்தார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார்.

இன்னொன்று: நோட்டை மூடிய பிறகும், அவர்களிடம் சொல்லிவிட்டு, ரெக்கார்டரை ஓட விடுங்கள்.