தாமிரபரணி ஏன் மூன்று வட்டமாக நிற்கிறது?

ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் எடுத்த சிஎஸ்வி கோப்பை, குறிச்சொற்களை வட்டங்களாக வரைந்து காட்டும் வாஸ்வியூவரில் போட்டால் தாமிரபரணி மூன்று வட்டமாகப் பிரிந்து நிற்கிறது, மென்பொருள் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு நம்ம ஆட்கள் எழுதுகிற இங்கிலீஷில். ஒருவர் 'டிஹெச்' போட்டு ஆரம்பிக்கிறார், இன்னொருவர் வெறும் 'டி'. வெள்ளைக்காரன் காலத்து 'டாம்ப்ரபர்ணி'யையும் சிலர் விட்டபாடில்லை. எழுத்து மாறினால் மென்பொருளுக்கு வேறு ஆறு. ஆறு மலையிறங்கும் பாபநாசமும் கடல் சேரும் புன்னைக்காயலும் அது கண்டதா என்ன!

மூன்றையும் ஒன்றாக்க, எக்செல்லில் இரண்டு பத்தி போடுங்கள். தலைப்பு 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை', இரண்டும் ஆங்கிலத்தில். முதல் பத்தியில் படத்தில் தெரிகிற எழுத்துக்கூட்டல், அடுத்ததில் நீங்கள் வைத்துக்கொள்ளப்போவது. 'டேப் டிலிமிட்டட்' டெக்ஸ்ட்டாகச் சேமியுங்கள். வரைபடம் உருவாக்கும்போது 'தெசாரஸ் ஃபைல்' (மாற்றுச்சொல் பட்டியல்) என்றொரு கட்டம் வரும், எல்லாரும் 'நெக்ஸ்ட்' தட்டித் தாண்டுகிற கட்டம். அங்கே இதைக் கொடுங்கள். 'இந்தியா', 'ஆர்ட்டிகிள்' மாதிரிச் சொற்களுக்கு இரண்டாம் பத்தியைக் காலியாக விட்டால் படத்திலேயே வராது.

வட்டமாவது தெரிந்ததே, அதைச் சொல்லுங்கள். குறிச்சொல் குறைந்தது 5 முறை வரவேண்டும் என்றுதான் மென்பொருளில் முதலிலேயே வைத்திருக்கும். எனக்கு ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் மூன்று, நான்கு தடவைதான் வந்தது, ஆறே காணோம். நெறியாளர் கேட்டபிறகுதான் முழித்தேன்.

இன்னொன்று, ஸ்கோபஸில் தேடும்போதே எல்லா எழுத்துக்கூட்டலையும் 'ஆர்' (அல்லது) போட்டுச் சேர்த்தீர்களா? இல்லையென்றால் பாதிக் கட்டுரை கோப்புக்குள்ளேயே வந்திருக்காது. முதலில் அதைப் பாருங்கள், தெசாரஸ் அப்புறம்.