ரீலைக் கழற்றிவிட்டேன், வாரண்டி போச்சா?

கேள்வி: சார், நாலு மாதத்துக்கு முன் ஆன்லைனில் 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் மீன்பிடிச் சக்கரம்) ஒன்று 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக் விக்கி விக்கி ஓடியது. வீடியோ பார்த்து, ஃபெல்ட் வாஷரை எடுத்துவிட்டு கார்பன் வாஷர் போட்டேன். நன்றாகவே இருந்தது. போன மாதம் உப்பனாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு வீசிக்கொண்டிருந்தபோது நரம்பை வழிநடத்தும் வளைந்த பெயில் கம்பி தொங்கிவிட்டது. ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. "நீங்கள் கழற்றி மாற்றியிருக்கிறீர்கள், வாரண்டி செல்லாது" என்கிறார் விற்றவர். தப்பு என் மேல்தானா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கை சும்மா இருக்காது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உடைந்த ஸ்பிரிங்கையும் நீங்களே மாற்றிவிட்டால், இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

ரீலை மடியில் வைத்துப் பாருங்கள். டிராக் வாஷர் இருப்பது ஸ்பூலுக்குள், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளைக்குள். மேலே உள்ள குமிழைத் திருகி எடுத்து, வளைந்த கம்பி கிளிப்பை நெம்பினால் வாஷர்கள் கையில் வந்துவிடும். குமிழைக் கழற்றி ஸ்பூலை வெளியே எடுப்பது புது நரம்பு சுற்றுகிற எல்லோரும் செய்கிற காரியம். பெயில் ஸ்பிரிங் இருப்பதோ ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் ரோட்டரின் கையில், தனி மூடிக்குக் கீழே. டிராக்கில் என்ன செய்தாலும் அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு சேதமும் வராது. உங்கள் வாதம் இதுதான். இதை விட்டு வேறெங்கும் போகாதீர்கள்.

உள்ளே பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருந்தாலோ நடுத்தண்டு வளைந்திருந்தாலோ நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கார்பன் வாஷர் போட்டு, குமிழை முறுக்கி, பெரிய மீனோடு மல்லுக்கட்டினால் அந்தச் சுமை பல்லுக்கும் தண்டுக்கும்தான் போகும். அப்போது விற்றவர் பேச்சில் நியாயம் இருந்திருக்கும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. பொருளே குறையுள்ளது என்பது ஒன்று. அந்தப் பொருளால் உடம்புக்கோ வேறு உடைமைக்கோ சேதம் வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதில், பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கே போட முடியாது என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. ராடை (தூண்டில் கம்பை) வெட்டி ஒட்டி, அது முறிந்து கையைக் கிழித்தால் கடைக்காரரைக் கேட்க முடியாது. உங்களுடையது முதல் வகை. ரீலே கெட்டிருக்கிறது, கேட்கலாம். வாரண்டி அட்டையில் "திறந்தால் செல்லாது" என்று அச்சிட்டிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து அவர் துருவைக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பு உரசிப்போகும் சின்ன உருளையான லைன் ரோலரைத் தொட்டுப் பாருங்கள். உப்பு முதலில் பிடிப்பது அங்கேதான். அது தடையில்லாமல் சுற்றினால் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தில் "கடல் மீன்பிடிக்கு ஏற்றது" என்று போட்டிருந்தால், அதை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பில், படங்கள், மேலே சொன்ன விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் 3,400 ரூபாய்க்கு எத்தனை நாள் வேலையை விடுவீர்கள்? நானாக இருந்தால் முதல் கடிதத்திலேயே, "ஸ்பிரிங்கை மட்டும் அனுப்புங்கள், மாட்டிக்கொள்கிறேன், மீதிக்கு வாரண்டி தொடரும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பேன். சில ரூபாய் சாமானுக்காக மல்லுக்கு நிற்பவர்கள் குறைவு.

கேள்வி: 0.35 மி.மீ. தங்கூஸ் நரம்பு, 25 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு பாறை மீன் இழுத்ததும் பட்டென்று அறுந்துவிட்டது. கடைக்காரர் "முடிச்சு சரியில்லை" என்கிறார்.
- வாசகர், புதுச்சேரி

பதில்: முடிச்சில் பலம் குறைவது உண்மை. ஆனால் 0.35 நைலானில் 25 கிலோ என்பதே நடக்காத காரியம். ஏழெட்டுக் கிலோ தாங்கினாலே நல்ல சரக்கு. நானும் ஏமாந்திருக்கிறேன்: 0.35 என்று வாங்கியதை ஸ்க்ரூ கேஜில் பிடித்தால் 0.42 காட்டியது. தடியான நரம்பை மெல்லியது என்று விற்றால் "பலமான நரம்பு" என்று பெயர் வாங்கிவிடலாம் அல்லவா.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். நரம்பின் ஒரு முனையைத் தராசின் கொக்கியில் பத்துச் சுற்று சுற்றுங்கள், மறு முனையை ஒரு குழாயில் சுற்றுங்கள். முடிச்சு போடக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல இழுங்கள். நனைத்தும் நனைக்காமலும் ஐந்தைந்து தடவை. நனைந்தால் நைலான் கொஞ்சம் தளரும். அந்த எண்களோடு, ஸ்பூல் அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள். பில்லில் வேறு கெடு போடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லே தர மறுப்பதும் அப்படித்தான். அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, விலை இல்லாத நரம்பை அடுத்த தடவை தொடவே வேண்டாம்.

கேள்வி: கரையில் ராடு நட்டுவைக்கும் ஸ்டாண்டு ஆன்லைனில் 900 ரூபாய். வாங்கலாமா?
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், நாலடி நீளம், கெட்டியான ரகமாக வாங்குங்கள். அடிமுனையைப் பேனா நிப்பு மாதிரி சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். மேலிருந்து ஓரடி கீழே குறுக்கே ஒரு போல்ட். ராடின் அடி அதில் உட்காரும், மணல் ஏறாது. மேல் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிடியை அரித்துவிடும். சில்வர் பீச் மணல் பொலபொலவென்று இருக்கும், ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும்.

நான் முதலில் செய்தது இரண்டடிக் குழாய். டீ வாங்கத் திரும்பினேன். ராடு குழாயோடு அலைக்குள் போய்க்கொண்டிருந்தது. டிராக்கைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.