ரப்பரைக் கீழே வையுங்கள்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஓசூரில் வேலை, காவேரிப்பட்டணத்தில் வீடு. பெங்களூர் பழைய புத்தகக் கடைகளில் வீடியோ கேம் வழிகாட்டிப் புத்தகங்கள் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். அலமாரியில் ஒரு தட்டே நிறைந்துவிட்டது. "யூடியூபில் எல்லாம் இருக்கும்போது இந்தக் குப்பை எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அச்சடித்த வழிகாட்டிகளுக்கு இனி மதிப்பு உண்டா? விற்றால் விலை போகுமா? இன்னொரு விஷயம். வைஸ் சிட்டி என்ற கேமின் புத்தகத்தில், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் பென்சிலால் டிக் அடித்து வைத்திருக்கிறார். கேமில் தேடி எடுக்க வேண்டிய நூறு பொதிகளின் பட்டியலில் பாதிக்கு மேல் போய் நிற்கிறது. அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். தாள் கிழியாமல் அழிக்க எந்த ரப்பர் நல்லது?

ஆர்., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த ரப்பரைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வீட்டில் பரணை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். எதை வைப்பது, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

விலை போகுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அக்கறையும் இல்லை. பணம்தான் குறி என்றால் உங்கள் ஊரிலேயே ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுங்கள்.

வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. தகவலுக்காகத்தான் இந்தப் புத்தகங்கள் என்று வாதாடினால் தோற்றுப்போவீர்கள். அந்தத் தொழிலே தோற்றுவிட்டதே. அமெரிக்காவில் இதற்கென்றே இருந்த இரண்டு பெரிய பதிப்பகங்கள் பிரைமாவும் பிராடிகேம்ஸும். 2015-இல் இரண்டும் ஒன்றாயின. 2018-இல் கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். கேம் வெளியாகும் அன்றே புத்தகமும் கடையில் இருக்க வேண்டும் என்பதால், முழுசாக முடியாத கேமை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். அதனால் பிழை மலியும். 2000-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி ஒன்பது என்ற கேமின் வழிகாட்டி இன்னும் மோசம். முக்கியமான இடம் வரும்போதெல்லாம், மேலும் அறிய எங்கள் இணையதளத்தில் இந்தச் சொல்லைத் தட்டுங்கள் என்று ஒரு பெட்டி போட்டிருப்பார்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவனை இதைவிட அவமானப்படுத்த முடியாது. அந்தத் தளத்தில் இன்று அந்தப் பக்கங்கள் இல்லை. பெட்டிகள் மட்டும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இப்போதும் சிலர் அச்சிடுகிறார்கள். எல்டன் ரிங் என்ற கேமுக்கு ஃபியூச்சர் பிரஸ் என்ற பதிப்பகம் இரண்டு தடித்த தொகுதிகள் போட்டது. அழகான வேலைதான். ஆனால் கேமை உருவாக்கியவர்கள் அப்டேட் விட்டு விட்டு ஆயுதங்களின் பலத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அச்சில் ஏறிய எண் என்ன செய்யும், பாவம். படம் பார்க்க வாங்கலாம். சரி, அது போகட்டும்.

பென்சிலுக்கு வருகிறேன்.

வைஸ் சிட்டி 2002-இல் வந்தது. கேமில் வரும் ஊர் முழுக்க நூறு பொதிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். மொட்டை மாடியில், நீச்சல் குளத்தில், புதருக்குப் பின்னால் சின்னச் சிலை மாதிரி ஒன்று நிற்கும். பத்து எடுத்தால் உங்கள் வீட்டு வாசலில் ஒரு கவச உடை வந்து உட்காரும். தொண்ணூறு எடுத்தால் ராணுவ முகாமில் ஒரு டாங்க். எத்தனை எடுத்தீர்கள் என்பதை கேம் சொல்லும், எவற்றை எடுத்தீர்கள் என்பதைச் சொல்லாது. வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. அறுபத்து மூன்றில் மாட்டிக்கொண்டவன் நூறு இடத்துக்கும் திரும்பப் போக வேண்டியதுதான். அதனால் பட்டியலும் வேண்டும், பென்சிலும் வேண்டும். அந்த டிக் கிறுக்கல் இல்லை, ஆர். கேம் செய்யாமல் விட்ட வேலையை அந்த மனிதர் தாளில் செய்திருக்கிறார்.

கிருஷ்ணகிரியில் எங்களுக்கு இது வாய்க்கவில்லை. படிப்பு முடிந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெயில் அனுப்புவேன். அந்தப் பக்கம் பையன்கள் வைஸ் சிட்டியில் போலீஸ் காரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மேஜைக் காலில் சணல் கயிற்றால் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். சீட் கோடு நோட்டு, அதாவது விளையாடும்போது கீபோர்டில் தட்டினால் குறுக்கு வழியில் உதவி கிடைக்கும் சொற்களின் நோட்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கோடுகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள். 'பான்சர்: டாங்க் மேலிருந்து விழும்.' 'லீவ் மீ அலோன்: போலீஸ் போயிடும்.' 'ஆஸ்பிரின்: உயிர் ஏறும்.' இதற்குக் கீழே இன்னொரு மையில் 'கடைசியில் ஒரு இ போடணும், இல்லன்னா வேலை செய்யாது.' உண்மைதான், அந்தக் கோடுக்கு இறுதியில் ஓர் இங்கிலீஷ் இ (e) உண்டு. மாத்திரை அட்டையைப் பார்த்துத் தட்டியவர்கள் அடி வாங்கிச் செத்திருப்பார்கள். ஏதோ ஒரு வரியைக் குறுக்கே அடித்து 'பொய்' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதியிருந்தான் ஒருவன். பிராடிகேம்ஸ் புத்தகத்தில் யார் இப்படி வந்து திருத்தினார்கள்?

இவ்வளவு இருந்தும் அந்த நோட்டில் பொதிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன் என்று அப்போது யோசித்ததில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன். வழிகாட்டிப் புத்தகம் நம் ஊரில் விற்கவில்லை என்றால் எல்லோரும் விலையைக் காரணம் சொல்வார்கள், இங்கிலீஷைக் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மை, ஆனால் போதாது. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம் என்பவனுக்குத்தான் நூறு பொதிப் பட்டியல் உதவும். அவனுக்குச் சொந்த மெஷின் வேண்டும், விளையாடியதைச் சேமித்து வைக்கும் சொந்த மெமரி கார்டு வேண்டும். அந்தக் கேமில் சேவ் செய்ய எட்டே இடங்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தால் எட்டு எந்த மூலைக்கு? காலையில் நீங்கள் சேவ் செய்ததன் மேல் மதியம் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒருவன் தன்னுடையதைச் சேவ் செய்துவிட்டுப் போயிருப்பான். சண்டை போடலாம், பொதிகள் திரும்பி வராது. அதனால்தான் எங்களுக்கு சீட் கோடு. தொண்ணூறு பொதி பொறுக்கி வாங்க வேண்டிய டாங்கை, கையில் இருக்கும் அரை மணி நேரத்துக்குள் வானத்திலிருந்து இறக்கியாக வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளைகள் என்று வாத்தியார்கள் திட்டினார்கள். அங்கே பொறுமையாக இருந்தால் காசுதான் போகும். அதைத்தான் அந்தப் பிள்ளைகள் புரிந்து வைத்திருந்தார்கள்.

பின்னால் அந்த இடம் செல்போன் கடை ஆனது. நோட்டு எங்கே போயிற்றோ.

இப்போது உங்கள் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். யாரோ ஒருவர், மாதக்கணக்கில் கூட இருக்கலாம், ஒரே கேமுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். அவருடைய மெமரி கார்டு எங்கே என்று அவருக்கே தெரியாது. எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு மிச்சம் இருப்பது அந்தப் பென்சில் குறி மட்டும். அதை ரப்பர் வைத்து அழிப்பேன் என்கிறீர்கள்! மேல் உறை பிரிக்காத பிரதிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்துவிடாதீர்கள். பட்டியலில் டிக் அடிக்காத வழிகாட்டி அச்சகத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

கோபமாக எழுதிவிட்டேனா? இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஒரு தட்டு நிறைய வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஒன்றையாவது மடியில் விரித்து வைத்துக்கொண்டு விளையாடினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் காணோம். அதை வைத்து விளையாடுபவர் என்றால் வீட்டில் 'குப்பை' என்று சொன்ன அன்றே சண்டை போட்டிருப்பீர்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். விளையாடாமல் அடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டார் சொல்வதற்குத்தான் என் ஓட்டு. வைஸ் சிட்டியை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

இல்லை, விளையாடுகிறேன் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், அதே பட்டியலில், வேறு நிறப் பென்சிலால். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். 'பாதிக்கு மேல்' என்று எழுதினால் எப்படி, தம்பி? டிக் மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். தொண்ணூறைத் தாண்டியிருந்தால் அவர் டாங்கை வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.