மார்பகப் புற்றுநோயும் ஒரு நோட்டும்: கேள்வி பதில்

புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மனசில் இருப்பதை எழுதுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்து, ஆபரேஷன் பற்றியவை உங்கள் டாக்டருக்கானவை.

மேடம், போன வாரம் பயாப்ஸி ரிசல்ட் வந்தது. மார்பகப் புற்றுநோய்தான். ராத்திரி தூக்கமே இல்லை. எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு தவிர எதுவும் எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது?

மளிகைக் கணக்கு எழுதுகிற கை போதும். ஆனால் இந்த வாரமே மனசைக் கிண்டி எழுத வேண்டாம். இப்போதைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: எந்த ஸ்டேஜ், ஹார்மோன் ரிசெப்டார் (ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வளர உதவும் புரதம்) இருக்கிறதா, ஹெர்2 (கட்டியை வேகமாக வளர வைக்கும் இன்னொரு புரதம்) ரிசல்ட் என்ன, முதலில் ஆபரேஷனா கீமோவா. கன்சல்டிங் அறைக்குள் போனதும் பாதிக் கேள்வி மறந்துவிடும். தாளில் இருந்தால் கேட்டுவிடலாம்.

கொஞ்சம் நிதானம் வந்த பிறகு இன்னொரு நோட்டு எடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் அவருடைய மாணவியும் 1986ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் உலுக்கிய விஷயத்தைப் பற்றித் தினமும் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். எழுதிய அன்று மனசு கனத்துத்தான் போனது. பிறகு வந்த மாதங்களில், நடந்ததோடு சேர்த்து அப்போது தோன்றியதையும் எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதே வழியை நீங்களும் பிடிக்கலாம். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், கையை நிறுத்தாதீர்கள். ஒன்றும் வரவில்லையா, 'ஒன்றும் வரவில்லை' என்றே எழுதிக்கொண்டிருங்கள். அதற்குப் பின்னால் ஏதாவது வரும்.

அக்கா, எல்லாரும் 'பாசிட்டிவா இரு, நல்லதையே எழுது' என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபத்தை எழுதினால் நோய் கூடிவிடுமா?

கூடாது. கோபப்பட்டதால் கட்டி வளர்ந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பயத்தை யாரோ உங்கள் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், இறக்கி வையுங்கள்.

இதையே நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அனெட் ஸ்டான்டன் என்ற உளவியலாளரின் குழு 2002ல் வெளியிட்டது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 60 பெண்கள். ஒரு பிரிவு மனசின் ஆழத்தில் இருப்பதை எழுதியது. இன்னொரு பிரிவு நோயால் கிடைத்த நல்லதை எழுதியது. மூன்றாவது பிரிவு என்ன சிகிச்சை நடந்தது என்ற விவரத்தை மட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், முதல் இரண்டு பிரிவினரும் நோய் தொடர்பான தொந்தரவுகளுக்காக மருத்துவரைப் பார்த்தது குறைவு. மனசைத் திறந்து எழுதியவர்களுக்கு உடல் உபாதைகளும் குறைவாக இருந்தன.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நோயைப் பற்றி நினைக்கவே பிடிக்காமல் விலகிப் போகிறவர்களின் மன வேதனைக்கு நல்லதை எழுதுவது ஒத்துப்போனது. அப்படி விலகாதவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுவது ஒத்துப்போனது. எல்லாருக்கும் ஒரே மருந்துச்சீட்டு கிடையாது. உங்களுக்குக் கோபம் வந்தால் கோபத்தை எழுதுங்கள். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்த முகமாக இருந்துதான் ஆக வேண்டியிருக்கிறது, நோட்டுக்கு முன்னாலுமா?

என் மனைவி எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். கணவன் நான் படித்தால் என்ன தப்பு?

படிக்காதீர்கள் சார். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அந்த நோட்டால் அவருக்குப் பயன் இல்லை. கீமோ அன்று கூடவே போய் உட்காருங்கள், அது போதும்.

எழுத உட்கார்ந்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசல்தான் கண்ணில் வருகிறது. மூச்சு முட்டுகிறது. அதையும் தாண்டி எழுத வேண்டுமா?

வேண்டாம். மூச்சு முட்டினால் பேனாவை வைத்துவிடுங்கள். வேறொன்றை எழுதலாம், எழுதாமலே எழுந்தும் போகலாம். நாள்கணக்கில் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் மார்பை அகற்றினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கத்தியைப் பிடித்தார். அதை விவரித்து அக்கா எஸ்தருக்கு பர்னி எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. எழுத்தே தொழிலாக இருந்தவர், ஆனாலும் அந்த ஒரு கடிதத்தை முடிக்க மாதக்கணக்கானது. எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை என்று அதிலேயே சொல்கிறார். அவர் 1840 வரை வாழ்ந்தார். உங்களுக்கு என்ன அவசரம்?

எழுதினால் கேன்சர் குணமாகுமா?

ஆகாது. சிகிச்சைதான் குணமாக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாளிகளிடம் நடந்த இத்தகைய ஆய்வுகளை 2015ல் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லாருக்கும் பொதுவான பலன் என்று எதுவும் தெரியவில்லை. மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்றுதான் தெரிந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச ஒருவர் இல்லாதவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் நோட்டு வாங்கச் சொல்கிறேன்.

பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போட்ட பிறகு விரல் மரத்துப் போகிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

மரத்துப் போவதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். எழுதுவதற்குப் பதில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கம் கை வீங்கினாலும் இப்படியே செய்யலாம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இதெல்லாம் உதவுமா?

போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அம்மா கையில் கொடுங்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யாரைத் திட்டினாலும் சரி, சாமியைத் திட்டினாலும் சரி. முடித்ததும் வைத்துக்கொள்ளலாமா அழித்துவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். அழிக்கச் சொன்னால் போட்டுக் கேட்காமல் அழித்துவிடுங்கள்.