தரம் 10 றிப்போட் பயமுறுத்துகிறதா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். தரம் 10 தவணைப் பரீட்சையில் கணிதம் 34, விஞ்ஞானம் 41. தரம் 11 முடிவில் எடுக்கும் சாதாரண தரப் பரீட்சையில் (ஓஎல்) கணிதத்துக்கு பி. இப்போது உயர்தரம் கணிதப் பிரிவு, தரம் 12 கடைசித் தவணையில் வகுப்பில் இரண்டாம் பிள்ளை. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடலாமா, பழைய றிப்போட் எல்லாவற்றையும் கெடுத்துவிடுமா என்பதுதான் கேள்வி.

போடலாம் தங்கச்சி. உள்ளூரில் இந்தப் பிரச்சினையே இல்லை, நம் பல்கலைக்கழகங்கள் உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளியைத்தான் பார்க்கும், தரம் 10 தவணைப் புள்ளியை யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்காவில் பாடசாலையின் கடைசி நாலு வருடப் புள்ளிகளையும் கேட்பார்கள், ஆனால் ஏறி வந்திருக்கிறீர்களா, எந்தப் பாடத்தில் ஏறினீர்கள் என்றும் பார்ப்பார்கள். 34 எடுத்த பிள்ளை உயர்தர இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். தரம் 13 படிக்கும்போதே நவம்பர், ஜனவரி முடிவுத் திகதிகளுக்கு ஓடிப்போய் அனுப்பினால் உங்கள் கையில் இருப்பது ஓஎல் பெறுபேறும் தவணைப் புள்ளிகளும் மட்டும்தான். தாமதமாக எழும்பிய பிள்ளைக்கு அது நட்டம். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, அடுத்த சுற்றில் போடுங்கள், ஒரு வருடம் போவதில் குறையில்லை. ஆனால் அந்த இடைவெளியில் இங்கே கம்பஸில் சேர்ந்து படிக்கத் தொடங்கினால் பல இடங்களில் உங்களைப் புதுமுக மாணவராக எடுக்க மாட்டார்கள், மாறி வருபவராகத்தான் கணக்கெடுப்பார்கள், அந்த வழி இன்னும் ஒடுக்கம்.

அப்புறம், பழைய புள்ளி ஏன் குறைந்தது என்ற விளக்கம். நான் உதவிய ஒரு தம்பியின் றிப்போட்டில் சிவப்பு மையில் 'கவனம் போதாது' என்று இருந்தது. அவன் முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான், ரீச்சரில் கோபம், ரியூசனில் கோபம். வெட்டி வெட்டி நாலு வசனம் ஆக்கினோம்: அப்பாவுக்குச் சுகமில்லை, விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான், அண்ணா வந்து பொறுப்பெடுத்த பிறகு புள்ளி ஏறியது. அவ்வளவு போதும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றாகப் போடும் பொது விண்ணப்பமான கொமன் அப்ளிகேஷனில் இப்படியானவற்றுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பிரதான கட்டுரையை இதற்குச் செலவழிக்காதீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லை, படிக்காமல்தான் விட்டேன் என்றால் அதையே எழுதுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதோடு. கதை கட்ட வேண்டாம், விண்ணப்பத்தோடு போகும் பாடசாலை அதிபரின் கடிதம் வேறு கதை சொன்னால் எல்லாம் போய்விடும்.

காசு விஷயமும் பாருங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் வசதியைப் பார்க்காமல் அனுமதி கொடுத்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பது மிகக் கஷ்டம், அவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போடக்கூடாது. எம்ஐடிக்கு எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற அனுமதிப் பரீட்சை கட்டாயம்.

இந்தக் கிழமையே பாடசாலை அலுவலகத்துக்குப் போய், தரம் 10 முதல் உள்ள புள்ளிகளைக் பாடசாலையின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் ஆங்கிலத்தில் எடுத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். நம் பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசகர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அதிபரோ பகுதித் தலைவரோ கையெழுத்து வைக்கலாம். தரம் 10இலும் 12இலும் உங்களுக்குப் படிப்பித்த ஒரே ரீச்சர் யாராவது இருந்தால், பரிந்துரைக் கடிதத்துக்கு முதலில் அவரிடம் போங்கள்.