ட்ரெய்னர் உறுமுகிறதா? பேரிங்கை நீங்களே மாற்றலாம்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மாடிவீட்டில் குடியிருக்கிறேன். ஏற்காடு மலைப்பாதைக்குத் தயாராவதற்காக, சைக்கிளின் பின்சக்கரத்தை ரோலர்மேல் அழுத்தி வைத்து மிதிக்கும் மேக்னெட்டிக் ட்ரெய்னரில் தினமும் பயிற்சி செய்கிறேன். கொஞ்ச நாளாக வேகம் கூடினால் ஒரே உறுமல். மாவுமில் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கீழ்வீட்டில் கேட்கிறார்கள். வாங்கிய கடையில் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். பேரிங்கை மட்டும் நானே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். யூனிட்டை மாற்றத் தேவையிருக்காது. ஆனால் எதையும் கழற்றும் முன், சத்தம் பேரிங்கிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சைக்கிளை எடுத்துவிட்டு, ரெசிஸ்டன்ஸை (மிதிக்கும்போது வரும் எதிர்ப்பை) ஆகக் குறைவில் வைத்து ரோலரைக் கையால் சுற்றுங்கள். விரலுக்கு மணல் நெருடுவதுபோலத் தெரிந்தாலோ, ரோலரின் நடு அச்சான ஷாஃப்டைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தாலோ பேரிங் போய்விட்டது. சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால் டயரைப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தியதும், சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றால் கோளாறு செயின் பக்கம், அல்லது பெடல் பக்கம். எந்தப் பக்கத்துப் பேரிங் என்று தெரிய வேண்டுமானால், நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூட்டில்) வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மெக்கானிக்குகளின் பழைய வித்தை இது.

ரோலர் பேரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் உங்கள் பின்சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 சுற்றுதான் சுற்றும். 30 மி.மீ. விட்டமுள்ள ரோலர் அதே வேகத்தில் 5,300 சுற்றைத் தாண்டும். அதோடு வியர்வை. சேலத்து வெயிலில் மூடிய அறையில் மிதித்தால் எவ்வளவு சொட்டும் என்று உங்களுக்கே தெரியும். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கினால் குண்டுகளில் துரு கட்டி, குழி விழும். சத்தம் வந்ததும் டபிள்யூடி-40 அடிப்பவர்கள் உண்டு. அது உள்ளே இருக்கும் கிரீஸைத்தான் கரைக்கும். இரண்டு நாள் அமைதி, பிறகு முன்னைவிட மோசம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர், ஸ்பேசர் (இடைவெளி காக்கும் வளையம்) வரிசை மாறினால் ரோலர் உரசும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஃப்ளைவீல், அதாவது ஷாஃப்டோடு சுற்றும் கனமான சக்கரம். அது மரையில் ஏற்றியதாக இருந்தால், சில மாடல்களில் ரிவர்ஸ் மரை இருக்கும். ஷாஃப்டைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள்: மரைக்கோடு வலப்பக்கம் ஏறினால் வழக்கமான மரை, இடப்பக்கம் ஏறினால் ரிவர்ஸ். பார்க்காமல் பலம் காட்டினால் மரை போய்விடும். உள்ளே இருக்கும் காந்தங்கள் இரும்புத்தூளை இழுக்கும் என்பதால் சுத்தமான துணி விரித்து வேலை செய்யுங்கள். உங்களுடையது மேக்னெட்டிக் என்பதால் கவலையில்லை. ஃப்ளூயிட் ட்ரெய்னராக இருந்தால், எண்ணெய் அடைத்த பகுதியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். 6000 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ. 6001 என்றால் 12, 28, 8. 6201 என்றால் 12, 32, 10. எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் மூன்றையும் அளக்கவும். உள்விட்டம் 12.7 வந்தால் அது அங்குல அளவுப் பேரிங். 6001 அதற்குப் பொருந்தாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. வியர்வைக்கு ரப்பர் மூடிதான் நல்லது. சுற்றுவது ஒரு துளி கனமாகத் தெரியும், பரவாயில்லை. மோட்டார் பேரிங் விற்கும் கடையில் சி3 என்று எடுத்துத் தரலாம். உள்ளே இடைவெளி சற்று கூடுதலான வகை அது. பழையதில் சி3 என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

இனி, புதிய பேரிங்கைக் கெடுக்காமல் ஏற்றுவது. இதில்தான் கவனம் வேண்டும். எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ, அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் பொருந்தும் குழாய்த் துண்டையோ சாக்கெட்டையோ வைத்துத் தள்ளுங்கள். ஹவுசிங்கில் இறக்கும்போது வெளி வளையத்தில். மாற்றி அடித்தால் அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், ஓடும் தடத்தில் பள்ளம் விழும். மாட்டிய அன்றே மறுபடி உறுமும், கடைக்காரரைத் திட்டுவோம். பழையதைக் கழற்றும்போது எங்கே அடித்தாலும் பேரிங்குக்காக வருத்தப்பட வேண்டாம். ஷாஃப்டில் கீறல் விழாமல் மட்டும் பாருங்கள்.

ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தால், காந்தமும் பிளாஸ்டிக்கும் இல்லாத வெறும் ஷாஃப்டை இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். ஹவுசிங் இறுக்கம் என்றால் தலைகீழ்: பேரிங்கை உறையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, ஹவுசிங்கை ஹேர் ட்ரையரால் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும் என்பதால் நன்றாகவே வழிவிடும். பேரிங்கை அடுப்பில் காட்ட வேண்டாம், ரப்பர் மூடி கெட்டுவிடும்.

சுத்தியைக் கையில் எடுக்கும் கட்டம் வந்துவிட்டால் என் யோசனை வேறு. இது தறி ஓடும் ஊர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரும் அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸும் வைத்திருக்கும் கடைக்கு ஷாஃப்டையும் புதுப் பேரிங்கையும் கொண்டுபோனால் சில நிமிட வேலை. மற்றதை வீட்டில் முடித்துக்கொள்ளலாம்.

மாட்டியதும் ரோலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். மிதமான வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டியபின், ட்ரெய்னர் நின்றதும் ஹவுசிங்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஸ்பேசர் இடம் மாறியிருக்கிறது. புதுப் பேரிங் கையாலேயே ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு ஏறினால், பழையதின் உள் வளையம் சுழன்று ஷாஃப்டைத் தேய்த்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். லேசான தேய்மானத்துக்குப் பேரிங் பிடிக்கும் லாக்டைட் பசை போதும். நகத்தில் தட்டுப்படும் அளவு பள்ளம் என்றால் லேத் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.